கையெழுத்தோடு முடிவதா ரசிகனின் பயணம்?



இன்றைய அரங்கின் தலைப்பு, ‘ரசிகனும் கலைஞனும்’. இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் பெற்றோர் முகம் ஒரு மாதிரியாகவும், பிள்ளைகள் முகம் வேறு மாதிரியாகவும் மாறுவது இயல்புதான். ஏனென்றால், பல வீடுகளில் இது ஒரு சண்டைக்குரிய விஷயம். ஒரு ராக் இசைக் குழு ஊருக்கு வருகிறது. மகனோ மகளோ நுழைவுச்சீட்டுக்குப் பணம் கேட்கிறார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே அந்தக் கலைஞரை நேரில் சந்திக்க வாய்ப்பு உண்டென்றும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்கிறார்கள். “ஒருத்தரைப் பார்த்துக் கைகுலுக்குவதற்கு இத்தனை வெள்ளியா?” என்று அப்பா கேட்கிறார். “உங்களுக்குப் புரியாது அப்பா!” என்று பிள்ளை சொல்கிறது. அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் பதிலிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு கலைஞனைத் தேடிப் போய்ச் சந்திப்பதில் ஒரு ரசிகனுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? அது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் காரியமா, வாழ்க்கையையே மாற்றக்கூடிய ஒன்றா? இதற்கு விடை காண, உலக ராக் இசை வரலாற்றில் உண்மையாக நடந்த ஒரு சந்திப்பைப் பார்ப்போம். அது பணம் கட்டி நடந்த சந்திப்பன்று. பாதுகாவலர்கள் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்த சந்திப்பும் அன்று.

டென்மார்க் நாட்டுச் சிறுவன்

லார்ஸ் உல்ரிக் என்ற பெயரை இளையர்களில் பலர் அறிந்திருப்பார்கள். மெட்டாலிக்கா இசைக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அவர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் டென்மார்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை டோர்பென் உல்ரிக் ஒரு டென்னிஸ் வீரர். டேவிஸ் கோப்பைப் போட்டிகளில் டென்மார்க்கின் சார்பில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியவர். அதே சமயத்தில் ஜாஸ் இசையிலும் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். புகழ்பெற்ற ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன்தான் லார்ஸுக்கு ஞானத்தந்தை என்றால், அந்த வீட்டில் இசை எந்த அளவுக்குக் கலந்திருந்தது என்பதை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

1973ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கோபன்ஹேகன் நகரில் டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் நிகழ்ச்சி. டென்னிஸ் போட்டிக்காக அங்கு வந்திருந்த நண்பர்களுக்காக டோர்பென் நுழைவுச்சீட்டுகள் வாங்கியிருந்தார். நண்பர்களில் ஒருவரால் வர இயலவில்லை. மீந்த சீட்டு ஒன்பது வயது மகனுக்குக் கிடைத்தது. யாரோ ஒருவர் வராமல் போனதால் கிடைத்த அந்த ஒரு சீட்டுதான் சிறுவனின் பாதையைத் திருப்பியது. அதன் பிறகு அவன் டீப் பர்ப்பிளின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டான். சில ஆண்டுகளில் பாட்டியிடமிருந்து ஒரு டிரம்ஸ் தொகுதியும் வந்து சேர்ந்தது.

ஆனாலும், குடும்பத்தின் எண்ணம் அவன் தந்தையைப் போல டென்னிஸ் வீரன் ஆக வேண்டும் என்பதுதான். 1980ஆம் ஆண்டு, அதற்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே என்ன நடந்தது தெரியுமா? டென்மார்க்கில் நன்றாக ஆடும் பிள்ளைகளில் ஒருவன் என்று பெயர் வாங்கியவனுக்கு, அங்குள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் டென்னிஸ் அணியில்கூட இடம் கிடைக்கவில்லை. புதிய நாடு, புதிய பள்ளி, கைவிட்டுப் போன கனவு. பதினாறு, பதினேழு வயதில் இப்படிப்பட்ட நிலையில் நிற்கும் பிள்ளைகளை நாமும் பார்த்திருக்கிறோம். அந்த வேளையில் அவனைத் தாங்கிப் பிடித்தது, இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்த இசைத்தட்டுகள்தாம்.

ஆயிரம் தட்டுகள், வெறும் வெள்ளை உறை

அக்காலத்தில் இங்கிலாந்தில் கடின ராக் இசையில் ஒரு புதிய அலை எழும்பிக்கொண்டிருந்தது. ‘சவுண்ட்ஸ்’ என்ற இசை வார இதழ் 1979ஆம் ஆண்டு அதற்குப் ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்று பெயர் சூட்டியது. அயர்ன் மெய்டன், சாக்சன், டெஃப் லெப்பர்ட் போன்ற குழுக்கள் அந்த அலையில் வந்தவை. அதே அலையில் வந்த, ஆனால் அந்த அளவுக்குப் பெயர் பெறாத குழு ஒன்று உண்டு. அதன் பெயர் டைமண்ட் ஹெட்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டௌர்பிரிட்ஜ் என்ற சிறு நகரத்து இளையர்கள் 1976ஆம் ஆண்டு தொடங்கிய குழு அது. கித்தார் வாசித்தவர் பிரையன் டாட்லர். பாடியவர் ஷான் ஹாரிஸ். குழுவின் நிர்வாகத்தைக் கவனித்தவர்களில் ஒருவர் ஷானின் தாயார். பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதுவும் அவர்களை ஏற்றுக்கொள்ளாததால், 1980ஆம் ஆண்டு தங்கள் முதல் தொகுப்பைத் தாங்களே வெளியிட்டார்கள். அச்சிட்டது ஆயிரம் தட்டுகள். உறையில் படம் இல்லை, பாடல் தலைப்புகள் இல்லை, வெறும் வெள்ளை அட்டை. நிகழ்ச்சிகளில் நேரடியாகவும், இதழில் விளம்பரம் கொடுத்துத் தபால் மூலமாகவும் விற்றார்கள்.

அந்த ஆயிரம் தட்டுகளில் ஒன்று, எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கலிஃபோர்னியாவில் இருந்த லார்ஸின் கைக்கு வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாத ஒரு குழு. வானொலியில் ஒலிக்காத பாடல்கள். ஆனால், அந்தப் பதினேழு வயது இளையனுக்கு அவைதான் உலகம்.

இன்றைய இளையர்களுக்கு இது விளங்குவது சற்றுக் கடினம். இப்போது ஒரு பாடலைக் கேட்க வேண்டுமென்றால் கைத்தொலைபேசியை இரண்டு முறை தட்டினால் போதும். அன்று, முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் பணம் அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து பெற்ற ஒரு தட்டை ஒரு முறை கேட்டுவிட்டு யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள். தேயத் தேயக் கேட்பார்கள். அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் பெரியவர்கள் சொல்லும் பழமொழி ரசனைக்கும் பொருந்தும்.

“எங்கே தங்குகிறாய்?”

1981ஆம் ஆண்டு ஜூலை மாதம். லார்ஸ் தன்னந்தனியாக விமானம் ஏறி இலண்டன் வந்து இறங்கினார். நோக்கம் ஒன்றே ஒன்று. டைமண்ட் ஹெட் குழுவை மேடையில் பார்க்க வேண்டும். இலண்டனின் தென்கிழக்கே ஊல்விச் ஓடியன் அரங்கில் அவர்களின் நிகழ்ச்சி. பார்த்தார், ரசித்தார். பிறகு மேடைக்குப் பின்னால் சென்று, கலைஞர்களிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். உங்களைப் பார்ப்பதற்காகவே அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்றார்.

டைமண்ட் ஹெட் குழுவினருக்கு வியப்பு தாங்கவில்லை. தங்கள் நாட்டிலேயே பெரிதாகப் பெயர் பெறாத அவர்களைக் காண, கடல் கடந்து ஒருவர் வந்திருக்கிறார்! எங்கே தங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். தங்குவதற்கு இடம் எதையும் லார்ஸ் ஏற்பாடு செய்திருக்கவில்லை. பிரையன் டாட்லர் அவரைத் தம் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார். அவருக்கும் அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயதுதான். பெற்றோருடன் ஸ்டௌர்பிரிட்ஜில் வசித்து வந்தார்.

டாட்லரின் அறையில், தரையில் தூக்கப் பையை விரித்து லார்ஸ் படுத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒரு வாரம் அங்கே. அதன் பிறகு பாடகர் ஷான் ஹாரிஸின் வீட்டில் ஏறக்குறைய ஒரு மாதம்.

இங்கே சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். முன்பின் அறியாத ஓர் அயல்நாட்டு இளையனை நம்பி வீட்டில் சேர்த்துக்கொள்கிறது ஒரு சாதாரணக் குடும்பம். விருந்தோம்பல் என்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சரி, அந்த வாரங்களில் லார்ஸ் என்ன செய்தார்? பாட்டுக் கேட்டார். டாட்லரோடு சேர்ந்து இசைத்தட்டுக் கடைகளுக்குப் போனார். இசை நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழு எப்படி இயங்குகிறது என்பதை அருகில் இருந்து கவனித்தார். ஒரு பாடல் எப்படிக் கட்டப்படுகிறது, கித்தாரின் ஒரு சிறு இசைத்துணுக்கு எப்படி ஒரு முழுப் பாடலாக வளர்கிறது என்பதையெல்லாம் பாட்டுத் தொழிலின் பட்டறைக்குள்ளேயே இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியும் என்பதை அந்த நாட்களில் லார்ஸ் சொல்லிக்கொள்ளவே இல்லை என்று டாட்லர் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாம் யார் என்று காட்டிக்கொள்ள அந்த இளையன் அங்கே போகவில்லை. கற்றுக்கொள்ளப் போயிருந்தார்.

ரசிகன் கலைஞன் ஆன கதை

1981ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கலிஃபோர்னியா திரும்பியிருந்த லார்ஸ், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் என்ற இளையருடன் சேர்ந்து மெட்டாலிக்கா குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி, அனஹைம் நகரில் அவர்களின் முதல் மேடை. அன்று அவர்கள் வாசித்ததில் சொந்தப் பாடல்கள் மிகச் சில. பெரும்பான்மை பிறருடைய பாடல்கள். அவற்றில் டைமண்ட் ஹெட்டின் பாடல்களே அதிகம். அவை வேறொரு குழுவின் பாடல்கள் என்பதை அந்தத் தொடக்க நாட்களில் அவர்கள் மேடையில் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கலிஃபோர்னியாவில் யாருக்கும் அந்தக் குழுவைத் தெரியாது என்பதால், கேட்டவர்கள் அவை மெட்டாலிக்காவின் பாடல்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். வீட்டில் இடம் கொடுத்தவர்களின் பாடல்களையே எடுத்துக்கொண்டு, பெயர் வாங்கியவுடன் அவர்களை மறந்துவிட்டவர் என்று லார்ஸ் உல்ரிக் வரலாற்றில் நின்றிருக்கலாம். ஏறிய ஏணியை எட்டி உதைப்பவர்கள் கலை உலகில் குறைவா என்ன?

ஆனால், அப்படி நடக்கவில்லை. 1984ஆம் ஆண்டு ‘ஆம் ஐ ஈவில்’ என்ற டைமண்ட் ஹெட் பாடலை மெட்டாலிக்கா முறைப்படி ஒலிப்பதிவு செய்து, இயற்றியவர்கள் பெயரோடு வெளியிட்டது. 1987இல் ‘ஹெல்ப்லெஸ்’, 1989இல் ‘தி பிரின்ஸ்’, 1998இல் ‘இட்ஸ் எலெக்ட்ரிக்’ என்று அடுத்தடுத்து வந்தன. 1998ஆம் ஆண்டு வெளிவந்த ‘கராஜ் இங்க்’ என்ற தொகுப்பில் இந்த நான்கு பாடல்களும் ஒருசேர இடம்பெற்றன.

இதன் பொருள் என்ன? ஒரு பாடலை வேறொருவர் பதிவு செய்து விற்கும்போது, விற்பனையாகும் ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பாடலை இயற்றியவருக்கு உரிமைத்தொகை போய்ச் சேர வேண்டும். ஆயிரம் தட்டுகள் அச்சிட்டு விற்ற குழுவின் பாடல்கள், இலட்சக்கணக்கில் விற்கும் குழுவின் தொகுப்புகளில் இடம்பெற்றன. டைமண்ட் ஹெட்டின் நிலைமையோ அப்போது நன்றாக இல்லை. ஒரு பெரிய நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் இரண்டு தொகுப்புகளோடு முடிந்துபோனது. 1983ஆம் ஆண்டு வந்த இரண்டாவது தொகுப்பின் முதல் அச்சில் தட்டுகளே பழுதாக இருந்தன. 1985இல் குழு கலைந்தது. அந்தக் காலத்தில், மெட்டாலிக்காவின் மூலம் வந்த உரிமைத்தொகை தமக்குப் பெரிதும் கைகொடுத்ததை டாட்லர் பேட்டிகளில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். மரியாதை? 1993ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் திடலில் மெட்டாலிக்காவின் மாபெரும் நிகழ்ச்சி. மீண்டும் ஒன்றுசேர்ந்திருந்த டைமண்ட் ஹெட்டுக்கு அதே மேடையில் இடம் கிடைத்தது. 2011ஆம் ஆண்டு ஜூலையில் நெப்வொர்த் இசை விழாவில், மெட்டாலிக்கா உள்ளிட்ட நான்கு பெரிய குழுக்கள் சேர்ந்து வாசித்த பாடலில் டாட்லரும் மேடையேறி கித்தார் வாசித்தார். பாடல் எது? அவர் இயற்றிய ‘ஹெல்ப்லெஸ்’. அதே ஆண்டு டிசம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் மெட்டாலிக்காவின் 30ஆம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சிகளுக்கும் டாட்லர் அழைக்கப்பட்டார். 1981இல் ஒரு சிறுவனைத் தம் அறையின் தரையில் படுக்க வைத்தவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிறுவனின் மேடையில் விருந்தாளி!

லார்ஸ் தம் முதல் காதலையும் மறக்கவில்லை. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் டீப் பர்ப்பிள் குழு சேர்க்கப்பட்டபோது, அவர்களை அறிமுகப்படுத்தி உரை நிகழ்த்தியவர் லார்ஸ் உல்ரிக். ஒன்பது வயதில் மீந்துபோன சீட்டில் அரங்குக்குள் நுழைந்தவர், ஐம்பத்திரண்டு வயதில் அதே குழுவுக்காக மேடையில் பேசினார்.

நாணயத்தின் மறுபக்கம்

நேயர்களே, ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது இனிப்பை மட்டும் பரிமாறுவது முறையாகாது. இதே லார்ஸ், ரசிகர்களின் கடுங்கோபத்துக்கு ஆளான காலமும் உண்டு. 2000ஆம் ஆண்டு, இணையம் வழியாகப் பாடல்களை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது மெட்டாலிக்கா வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம், தங்கள் பாடல்களைப் பகிர்ந்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோரின் பயனீட்டாளர் பெயர்ப் பட்டியலை லார்ஸே அந்த நிறுவனத்திடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் யார்? மெட்டாலிக்காவின் ரசிகர்கள்தாம்.

ரசிகர்கள் கொதித்தார்கள். 1982ஆம் ஆண்டு மெட்டாலிக்காவின் மாதிரி ஒலிநாடா, ரசிகர்கள் கைக்குக் கை பிரதியெடுத்துப் பரப்பியதால்தானே ஊர் ஊராகப் போனது? அன்று இனித்தது இன்று கசக்கிறதா என்று கேட்டார்கள். உழைப்பவனின் பொருளை அவன் அனுமதியில்லாமல் எடுப்பது தவறு என்பது லார்ஸின் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வழக்கு 2001இல் சமரசமாக முடிந்தது. ஆனால், ஒரு பாடம் மிஞ்சியது. ரசிகனுக்கும் கலைஞனுக்கும் இடையிலான உறவு அன்பினால் கட்டப்பட்டது. சட்டம் அதைக் காக்கலாம், ஆனால் சட்டத்தால் அந்த உறவை உண்டாக்க முடியாது.

கதவுகள் ஏன் மூடின?

இன்று ஓர் இளையர் லார்ஸ் செய்ததைச் செய்ய முடியுமா? முடியாது. பாதுகாவலர்களைத் தாண்டி மேடைக்குப் பின்னால் போக முடியாது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, நியூயார்க் நகரில் ஜான் லெனன் தம் வீட்டு வாசலில் ஒருவருக்கு இசைத்தட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே இரவு அவர் வீடு திரும்பியபோது, அதே ஆள் அவரைச் சுட்டுக் கொன்றான். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில், நிகழ்ச்சி முடிந்து ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பாடகி கிறிஸ்டினா கிரிம்மி சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றை நினைத்துப் பார்த்தால், கலைஞர்களைச் சுற்றி வேலி போடுகிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்ள முடியாது.

ஆனால், வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லாப்பெட்டியும் வைத்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். இசைத்தட்டு விற்பனை சரிந்துவிட்ட காலத்தில், குழுக்களுக்கு வருமானம் நேரடி நிகழ்ச்சிகளில்தான் இருக்கிறது. ஆகவே, நிகழ்ச்சிக்கு முந்திய சந்திப்பும் ஒரு விற்பனைப் பொருள் ஆகிவிட்டது. சில புகழ்பெற்ற குழுக்கள் இதற்கு ஆயிரம் டாலருக்கும் மேல் வாங்குகின்றன. ரசிகர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். முறை வரும்போது கலைஞரின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். படம் எடுப்பார்கள். அடுத்தவர் வரலாம் என்று குரல் வரும். ஆண்டுக்கணக்கில் மனத்தில் சேர்த்து வைத்திருந்த சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். கலைஞரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒரே மாலையில் நூறு முகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதன் பிறகு இரண்டு மணி நேரம் மேடையில் வாசிக்க வேண்டியவர் அவர்.

நம் வட்டாரத்தில் ஒரு ரசிகர்

ரசிகனாக இருப்பதிலும் ஒரு நெறி உண்டு என்பதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இந்தோனேசியாவின் முன்னாள் அதிபர் ஜோக்கோ விடோடோ, மெட்டாலிக்காவின் தீவிர ரசிகர். 2013ஆம் ஆண்டு அவர் ஜகார்த்தாவின் ஆளுநராக இருந்தார். அந்த ஆண்டு மெட்டாலிக்கா அங்கு வருவதாக இருந்தது. நிகழ்ச்சிக்குச் சில மாதங்களுக்கு முன்பு, அக்குழுவின் பேஸ் கித்தார் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ கையெழுத்திட்ட ஒரு கித்தார், ஏற்பாட்டாளர் மூலமாக ஆளுநருக்கு அன்பளிப்பாக வந்தது.

ஒரு ரசிகனுக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷம் ஏது? ஆனால், அவர் அதை ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தார். பதவியில் இருப்பவர் இதை ஏற்கலாகாது என்று ஆணையம் முடிவு செய்தது. கித்தார் அரசாங்கச் சொத்தாயிற்று. ஆகஸ்ட் மாதம் 24ஆம் தேதி சிங்கப்பூரில் சாங்கி கண்காட்சி நிலையத்தில் வாசித்த மெட்டாலிக்கா, மறுநாள் ஜகார்த்தாவில் வாசித்தபோது, ஆளுநரும் நிகழ்ச்சிக்கு வந்து ரசித்தார்.

அவர் அதிபரான பிறகு, 2017ஆம் ஆண்டு இந்தோனேசியாவுக்கு வந்த டென்மார்க் பிரதமர், லார்ஸ் உல்ரிக் கையெழுத்திட்ட ஓர் இசைத் தொகுப்பைப் பரிசளித்தார். அதுவும் ஆணையத்திடம் போனது. இந்த முறை அதிபர், அதற்குரிய விலையாக ஒரு கோடியே பத்து இலட்சம் ரூப்பியாவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தி அதை வாங்கிக்கொண்டார். அவருடைய அரசியலைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால், ரசனைக்காகத் தம் கடமையை வளைக்காமல், விலை கொடுத்து வாங்கிய அந்தச் செயல் ஒவ்வொரு ரசிகருக்கும் பாடம்.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

இளையர்களே, உங்களுக்குப் பிடித்த கலைஞரைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தால் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். போவதற்கு முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, அவருடைய கலையை உண்மையிலேயே கேட்டிருக்கிறோமா? அவருடைய பெயரை மட்டும் ரசிக்கிறோமா? ஒரு பாடலில் உங்களைத் தொட்ட இடம் எது என்று ஒரே வரியில் சொல்லத் தெரிந்தால், அரை நிமிடச் சந்திப்புகூட அர்த்தமுள்ளதாகிவிடும். உங்களை இதுவரை பார்த்திராத அந்தக் கலைஞருக்கும் அது மனநிறைவைத் தரும்.

இரண்டாவது, இதற்கான பணம் யாருடைய உழைப்பு? பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணமா, வீட்டுச் செலவில் வெட்டிய பணமா? கடன் வாங்கிக் கைகுலுக்க வேண்டும் என்று எந்த நல்ல கலைஞரும் எதிர்பார்ப்பதில்லை. சந்திப்பு கிடைக்கவில்லை என்பதற்காக உங்கள் ரசனை ஒரு படிகூடக் குறைந்துவிடாது.

மூன்றாவது, சந்திப்பு முடிந்த மறுநாள் என்ன செய்யப் போகிறோம்? லார்ஸ் உல்ரிக் இங்கிலாந்திலிருந்து திரும்பியவுடன் ஒரு குழுவைத் தொடங்கினார். எல்லாரும் குழு தொடங்க வேண்டியதில்லை. மூலையில் தூசி படிந்து கிடக்கும் கித்தாரையோ மிருதங்கத்தையோ எடுக்கலாம். பாதியில் விட்ட வகுப்புக்கு மறுபடியும் போகலாம். படத்தைப் போட்டு நண்பர்களின் பாராட்டை எண்ணிக்கொண்டிருப்பதோடு நின்றுவிட்டால், அந்தச் சந்திப்பு அன்றோடு முடிந்துவிட்டது என்றுதான் பொருள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டென்னிஸ் வீரராகத் தம் மகன் வர வேண்டும் என்று நாடு விட்டு நாடு வந்தவர் டோர்பென் உல்ரிக். அந்தக் கனவு கலைந்தபோது, யாருக்கும் தெரியாத ஒரு குழுவைத் தேடிப் போகிறேன் என்ற பதினேழு வயதுப் பிள்ளையை அந்த வீடு தடுத்து நிறுத்தவில்லை. எல்லாரும் அப்படி அனுப்பிவிட முடியாது. அனுப்பவும் வேண்டாம். காலம் வேறு, சூழல் வேறு. ஆனால், பிள்ளை காதில் எந்நேரமும் மாட்டியிருக்கும் அந்தக் கருவியில் என்ன ஒலிக்கிறது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். “இது என்ன சத்தம்?” என்று கேட்காதீர்கள். “இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?” என்று கேளுங்கள். பல வீடுகளில் நின்றுபோன பேச்சு அந்த ஒரு கேள்வியில் மறுபடியும் தொடங்கிவிடும்.

கலைஞர்களுக்கும் ஒரு சொல். உள்ளூர் மேடைகளில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். உங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் ஓரத்தில் தயங்கி நிற்கும் பிள்ளையைக் கவனியுங்கள். இரண்டு நிமிடம் பேசுங்கள். நாளை அந்தப் பிள்ளை என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு அழைத்துப் போகும்போது டாட்லருக்கும் தெரியாது. அவர் எதையும் எதிர்பார்த்தும் செய்யவில்லை. 2023ஆம் ஆண்டு சாக்சன் குழுவிலும் சேர்ந்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகும் மேடையேறி வாசித்துவரும் அவரைப் பற்றிப் பேசுகிற எவரும், அந்தத் தூக்கப் பையைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை.

ஆகவே நேயர்களே, ரசிகனின் பயணம் கையெழுத்தோடு முடிய வேண்டியதில்லை. ரசித்ததைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றதை நம் கையால் செய்து பார்க்க வேண்டும். கற்றுக்கொடுத்தவரை, வளர்ந்த பிறகும் பெயர் சொல்லி நினைக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்பவன், கலைஞனின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் உண்மையான ரசிகன்தான்.